காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பதினெட்டாம் பெருக்கு: முதல் தடவை வர்றவங்களுக்கு

சென்னையிலயே வளந்த பொண்ணு, கல்யாணம் ஆகி இது முதல் ஆடி, புகுந்த வீடு ஸ்ரீரங்கம், மாமியார் ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்குப் போகணும்னு சொல்லிட்டாங்க, அங்க என்ன செய்வாங்க, எதுக்கு செய்வாங்க, என்ன எடுத்துட்டு போகணும், தீவுன்னு வேற சொல்றாங்களே அது நிஜமாவே தீவான்னு கேட்டிருக்கீங்க. நான் அதே தீவுல கிழக்குப் பக்கம், கல்லணை ரோட்டுல இருக்கற ஊர்ல பொறந்து வளந்தவ, வயல் இருக்கற வீடு. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன், பொறுமையா படிங்க. சுருக்கமா வேணும்னா இதுதான்: ஆத்துக்குப் புதுத்தண்ணி வந்த சந்தோஷத்துல, அந்த வருஷ வெள்ளாமை நல்லா வரணும்னு காவேரி அம்மாவுக்கு படையல் போட்டு, மஞ்சக்கயிறு கட்டி, குடும்பத்தோட ஆத்தங்கரையில உக்காந்து சாப்பிடற நாள். தண்ணியைப் புரிஞ்சுக்கிட்டாதான் மத்ததெல்லாம் புரியும், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

ஆமா, நிஜமாவே தீவுதான். திருச்சிலேர்ந்து மேக்க ஒரு 18 கிலோமீட்டர் போனா முக்கொம்பு, அங்க ஆறு ரெண்டா பிரியுது, வடக்க போறது கொள்ளிடம், தெக்க வர்றது காவிரி, ரெண்டும் மறுபடி கல்லணைகிட்ட ஒண்ணை ஒண்ணு நெருங்குது, அந்த நடு நிலம்தான் நம்ம தீவு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் ரெண்டும் இதுக்குள்ள, அப்புறம் மேலூர், உத்தமர்சீலி, கிளிக்கூடுன்னு சுத்தியும் வாழைத்தோட்டமும் வயலுமா கிராமங்க. காவிரியில பெருமாள் பள்ளிகொண்ட தீவு மூணு சொல்வாங்க, கர்நாடகாவுல ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், இது அந்திய ரங்கம், மூணையுமே ஆறு ரெண்டா பிரிஞ்சு சுத்திக்கிட்டு போகுது. திருவானைக்காவல் வேற பஞ்சபூதத்துல தண்ணிக்குரிய தலம், கருவறையிலயே தண்ணி ஊறும். தண்ணியை சாமியா பாக்கறதுக்கு இந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, தெருவுல தெக்க நடந்தாலும் ஆறு, வடக்க நடந்தாலும் ஆறு. இப்ப பாலம் இருக்கு, மாம்பழச்சாலையிலேர்ந்து சிந்தாமணி போற காவிரிப்பாலம் 1976-ல தொறந்தது, அதனால தீவுங்கற நெனப்பே யாருக்கும் வர்றதில்ல, ரெண்டு பக்கமும் ஒரேயடியா வெள்ளம் போகும்போதுதான் ஞாபகம் வரும்.

இப்ப தேதிக்கு வரேன். நம்ம பண்டிகைல நெறைய திதி பாத்தோ நட்சத்திரம் பாத்தோதான் வரும், அதனாலதான் அதுக்கெல்லாம் வருஷா வருஷம் தேதி ஓடிக்கிட்டே இருக்கு. பதினெட்டுக்கு அதெல்லாம் கிடையாது, பௌர்ணமியா அமாவாசையான்னு பாக்கவே மாட்டாங்க, ஆடி மாசம் 18-ஆம் நாள், அவ்ளோதான், இங்கிலீஷ் தேதிக்கு ஆகஸ்ட் 2 இல்லன்னா 3. ஆத்துல தண்ணி வர்ற கணக்குல வெச்ச நாள்னு எங்க அப்பாயி சொல்லும், யோசிச்சுப் பாத்தா அது சரிதான். ஜூன் ஆரம்பத்துல தென்மேற்குப் பருவமழை குடகுல பிடிக்குது, தலைக்காவேரி இருக்கற மலை அங்கதான், வயநாட்டுல பெய்யறது கபினி வழியா வந்து சேருது, மேட்டூர் அணை வர்றதுக்கு முன்னாடி காலத்துல அந்தத் தண்ணி மலை எறங்கி, காடு மேடெல்லாம் அரிச்சு, செம்மண் கலங்கலா இங்க வந்து, ஆனி கடைசியில ஏற ஆரம்பிச்சு ஆடி நடுவுல படித்துறைய முட்டும். படிக்கட்டுல பதினெட்டாவது படி வரைக்கும் ஏறும்னும் சொல்வாங்க, எல்லா படித்துறையிலயும் பதினெட்டு படி இருக்கான்னு எண்ணிப் பாக்காதீங்க, அது ஒரு வழக்கம்.

தண்ணி வந்தா எங்களுக்கு என்ன அப்படின்னா, விதை. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழி கேட்டிருப்பீங்க. டெல்டாவுல ஜூன்ல தண்ணி வந்தா குறுவை, அதாவது குறுகிய நாள் நெல்லு போடலாம், ஆனா பெரிய போகம் சம்பாதான், அதுல சி.ஆர். 1009 மாதிரி நீண்ட நாள் ரகம் 155 நாள் போல வயல்ல நிக்கும், பொங்கலையொட்டி அறுக்கணும்னா ஆடியில நாத்தங்கால்ல விதை விட்டே ஆகணும், தள்ளிப்போனா கார்த்திகை மழையில இளம்பயிரா சிக்கிக்கும். அதனால பதினெட்டு அன்னிக்கு ஆத்துல கும்புடறது சும்மா வழக்கத்துக்கு இல்ல, அந்த வருஷம் வீட்டுல நெல்லு இருக்குமா இருக்காதாங்கற கேள்விய அந்த அம்மாகிட்ட நேர்ல போய் சொல்றது. சம்சாரி வீட்டுப் பொம்பளைங்க தண்ணியில நின்னு கும்புடறப்ப மொகத்தைப் பாத்தீங்கன்னா தெரியும்.

சரி, நாள் எப்படி நடக்கும்னு சொல்றேன். முந்தின நாளே கடைக்குப் போயிடுவாங்க, காந்தி மார்க்கெட்டுல காலை வெக்க எடம் இருக்காது, ஸ்ரீரங்கத்துல ரங்கா ரங்கா கோபுரத்துகிட்ட, அம்மாமண்டபம் (ஸ்ரீரங்கத்தோட பெரிய காவிரிப் படித்துறை) போற ரோட்டுல ரெண்டு பக்கமும் தரைக்கடை போட்டிருப்பாங்க. வாங்க வேண்டியது காதோலை கருகமணி, அதாவது பனை ஓலையில சின்னதா சுருட்டின காதணியும் கருப்பு வளையமும், கடையில ஜோடியா கோத்தே விப்பாங்க, மஞ்சக்கயிறு, மஞ்சள், குங்குமம், பூ, வெத்தலை பாக்கு, தேங்கா, வாழைப்பழம், அந்த சீசன் பழமான நாவப்பழம், பேரிக்கா, விளாம்பழம், கொய்யா, கற்பூரம், ஊதுபத்தி, வாழை இலை. வீட்ல அன்னிக்கு ராத்திரியே பச்சரிசிய ஊற வெச்சிருவாங்க, காலையில வடிச்சு துணியில கொஞ்சம் ஒலத்தி, பொடிச்ச வெல்லம், தேங்காத் துருவல், வறுத்த எள்ளு, பொட்டுக்கடலை போட்டு பெசைஞ்சா காப்பரிசி. அடுப்புல வெக்கறது கிடையாது, பச்சையாவே படைக்கறது. சின்ன வயசுல எங்களுக்கு பண்டிகைன்னா இந்தக் காப்பரிசிதான், படைக்கறதுக்கு முன்னாடி எடுத்தா கையில அடி விழும்.

விடியறதுக்கு முன்னாடியே கூட்டம் ஆரம்பிச்சிடும். ஆத்துல எறங்கி குளிச்சு, இல்ல தலையில தண்ணி தெளிச்சுக்கிட்டு, கரையில கொஞ்சம் எடம் பிடிச்சு தண்ணி தெளிச்சு சின்னக் கோலம் போட்டு, ஆத்து மண்ணுல புள்ளையார் பிடிப்பாங்க, சில வீட்ல மஞ்சள்ல பிடிப்பாங்க. முன்னாடி வாழை இலை போட்டு காப்பரிசி, பழம், வெத்தலை பாக்கு, காதோலை கருகமணி, மஞ்சக்கயிறு எல்லாம் வெச்சு, தேங்கா ஒடைச்சு கற்பூரம் காட்டுவாங்க. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், வீட்டுல பெரிய பொம்பளை யாரோ அவங்கதான் எல்லாம். அப்புறம் அந்த மஞ்சக்கயிற எடுத்து ஒருத்தருக்கொருத்தர் கட்டி விடுவாங்க, பொம்பளைங்களுக்கு கழுத்துல, ஆம்பளைங்களுக்கு வலது மணிக்கட்டுல, கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் கழுத்துல கட்டுவாங்க, சீக்கிரம் நல்ல எடம் அமையணும்னு. பக்கத்துல தெரியாதவங்க உக்காந்திருந்தாலும் கட்டச் சொல்லி கழுத்தைக் காட்டுவாங்க, ஜாதி வீடு வாசல் எதுவும் கேக்க மாட்டாங்க, படித்துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். கடைசியா காதோலை கருகமணி, பூ, மஞ்சள், கொஞ்சம் காப்பரிசி எல்லாத்தையும் வாழைமட்டையிலயோ வெத்தலையிலயோ வெச்சு, சின்ன அகல் ஏத்தி தண்ணியில விடுவாங்க.

இதெல்லாம் எதுக்குன்னா, ஆடியில காவேரி அம்மா மசக்கையா இருக்காங்கன்னு எங்க பக்கம் நம்பிக்கை. வயித்துப் புள்ளைக்காரிக்கு என்ன செய்வோமோ அத்தனையும் ஆத்துக்கு செய்யறோம், காதுக்கு ஓலை, கைக்கு வளையல், மஞ்சள், பூ, வாய்க்கு ருசியா சாப்பாடு. வரப்போற நெல்லுதான் அந்த அம்மா வயித்துல இருக்கற புள்ளை. சாப்பாடும் அதனாலதான் அவ்ளோ தினுசு, புளிச்சது இனிச்சது ஒறைச்சது எல்லாம் வேணும்.

சாப்பாட்ட பத்தி தனியா சொல்லியே ஆகணும். சித்ரான்னம்னு பேரு, புளியோதரை, எலுமிச்ச சாதம், தேங்கா சாதம், தயிர் சாதம், சக்கரைப் பொங்கல் அஞ்சும் கட்டாயம், மாங்கா கெடைச்சா மாங்கா சாதம், சில வீட்ல எள்ளு சாதம், கதம்ப சாதம் கூட. தொட்டுக்க வடாம், அப்பளம், மோர்மொளகா, வத்தல், நார்த்தங்கா ஊறுகா. புளிக்காய்ச்சல முந்தின நாளே நல்லெண்ணெயில காச்சி வெச்சிடணும், அன்னிக்கு காலையில காச்சினா சாதத்துல இழுக்காது. எல்லாத்தையும் தூக்குலயும் டப்பாவுலயும் அடைச்சு ஆத்தங்கரைக்கு எடுத்துட்டு போயி, மணல்ல ஜமக்காளம் விரிச்சு இலை போட்டு சாப்பிடணும். சில குடும்பம் காலையிலயே பூஜை முடிச்சு மத்தியானம் அங்கயே சாப்பிடுவாங்க, சில குடும்பம் வீட்டுக்கு வந்துட்டு சாயங்காலம் வெயில் தாழ சாப்பாட்டோட மறுபடி போவாங்க. நான் சாயங்காலத்தைதான் சொல்வேன், கூட்டமும் கொறஞ்சிருக்கும், காத்தும் நல்லா வரும். பக்கத்து ஜமக்காளத்துக்கு நம்ம தேங்கா சாதம் போகும், அவங்க சக்கரைப் பொங்கல் நமக்கு வரும், யாரு என்னன்னு பேச்சு அதுல ஆரம்பிச்சு, போன வருஷம் அப்படி ஆரம்பிச்ச பேச்சுல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணமே முடிஞ்சிருக்கு.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன், புதுக் கல்யாணம். பொதுவா ஆடி பொறந்தா பொண்ணை தாய் வீட்டுக்கு அழைச்சிட்டு போயிடுவாங்க, ஆடியில கரு உண்டானா சித்திரை வெயில்ல பிரசவம் ஆகும், தாய்க்கும் புள்ளைக்கும் சிரமம்னு ஒரு காரணம் சொல்வாங்க. அப்புறம் பதினெட்டுக்கு மாப்பிள்ளையையும் அழைச்சு, துணி எடுத்துக் குடுத்து, விருந்து போட்டு, ஜோடியா ஆத்துக்குக் கூட்டிட்டு போவாங்க. உங்களுக்கு தாய் வீடு சென்னை, அங்க காவிரி கிடையாது, அதனால மாமியார் இங்க வரச் சொல்றாங்க, அதுல ஒண்ணும் குத்தமில்ல, முடிஞ்சா உங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வந்துடுங்க, அவங்க கையால துணி குடுத்த மாதிரியும் ஆச்சு. புது ஜோடி ரெண்டு முக்கியமான காரியம் செய்யணும். ஒண்ணு, கல்யாணத்தன்னிக்குப் போட்ட மாலைய காய வெச்சு பத்திரமா வெச்சிருப்பாங்க, அதை ரெண்டு பேரும் சேந்து ஆத்துல விடறது. இன்னொண்ணு தாலிக்கயிறு மாத்தறது, பழைய மஞ்சக்கயித்துலேர்ந்து தாலியப் பிரிச்சு புதுக்கயித்துல கோத்து, வயசான சுமங்கலி ஒருத்தங்க கட்டி விடுவாங்க, கயிறு மாத்தறப்ப கழுத்து வெறுமையா இருக்கக்கூடாதுன்னு ஒரு மஞ்சக்கயித்துல மஞ்சக்கொம்பு கட்டிக்கிட்டுதான் பழசை எடுப்பாங்க. சில வீட்ல தாலி பெருக்கிக் கோக்கறதையே இந்த நாளுக்குன்னு தள்ளி வெச்சிருப்பாங்க, குண்டு, மணி, காசு எல்லாம் சேத்து கோக்கறது, உங்க வீட்ல எப்படின்னு மாமியாரைக் கேட்டுக்கோங்க, இது வீட்டுக்கு வீடு மாறும், ஒருத்தர் வீட்டு வழக்கத்தை வெச்சு இன்னொருத்தர் வீட்டைத் தப்புன்னு சொல்லக்கூடாது. தாலிக்கயித்த படித்துறையில நெரிசல்ல நின்னு மாத்தாதீங்க, ஒரு குண்டு வழுக்கி தண்ணியில விழுந்தா போனது போனதுதான். வீட்ல சாமி மாடத்துக்கு முன்னாடி மாத்திட்டு, பழைய கயித்த மட்டும் ஆத்துக்கு எடுத்துட்டு போனா போதும்.

சின்னப் பசங்களுக்கு இது சப்பரம் இழுக்கற நாள். மரத்துல சின்னதா ரெண்டு சக்கரம் வெச்சு, மேல தட்டி கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, நடுவுல ஒரு சாமி படம் வெச்சு, கயிறு கட்டி தெருத்தெருவா ஆத்தங்கரை வரைக்கும் இழுத்துட்டு போவாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு பக்கமெல்லாம் தச்சருங்க இதுக்குன்னே ஒரு மாசம் முன்னாடிலேர்ந்து செஞ்சு விப்பாங்க, எங்க ஊர்ல அண்ணன்மார் யாராச்சும் பழைய பலகையில அடிச்சுக் குடுப்பாங்க. இப்ப வாங்கறவங்க கொறஞ்சு போச்சு. உங்க வீட்ல பொடிசுங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு ஒண்ணு வாங்கிக் குடுங்க, அதுங்க தெருவுல இழுத்துட்டு போற சத்தம் கேட்டாதான் பதினெட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. நம்பெருமாளே, அதாவது ரங்கநாதரோட உற்சவர், கோயில்லேர்ந்து பல்லக்குல அம்மாமண்டபத்துக்கு வந்து, அபிஷேக ஆராதனை எல்லாம் ஆகி, சாயங்காலமா காவேரிக்கு சீர் குடுப்பாரு. பட்டுப்புடவை, மாலை, சந்தனம், தாம்பூலம், மஞ்சள் எல்லாம் தட்டுல வெச்சு, யானை மேல ஏத்திக் கொண்டுவந்து, படித்துறையில ஆத்துல விடுவாங்க. இது சரியா பதினெட்டு அன்னிக்கே வரும்னு நெனச்சுக்காதீங்க, சில வருஷம் 28-ஆம் பெருக்குன்னு பத்து நாள் கழிச்சு நடக்கும், அதனால கோயில் அறிவிப்பப் பாத்துட்டு லீவு போடுங்க. எத்தனை கூட்டமா இருந்தாலும் அதை ஒரு தடவை நின்னு பாக்கணும், பெருமாள் கெளம்பி வந்து ஆத்துக்குப் புடவை குடுக்கற ஊர்ல வாழறோம்ங்கறது சாதாரண விஷயமா எனக்குத் தோணல. வடக்க கொள்ளிடத்துக்கும் இதே மாதிரி ஒரு நாள் இருக்கு, தைப்பூசத்துக்கு சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடத்துக்கு வர, அண்ணன் முறையில ரங்கநாதர்கிட்டேர்ந்து தங்கச்சிக்கு சீர் போகும், அதை அப்புறம் தனியா எழுதறேன்.

கீழ போகப் போக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படித்துறை. திருவையாறுன்னா புஷ்ய மண்டபப் படித்துறை, கும்பகோணத்துல பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, மயிலாடுதுறையில துலாக்கட்டம், கடைசியா பூம்புகார்ல கடலோட சேர்ற எடம். தஞ்சாவூர் டவுனுக்குள்ள காவிரி வராது, அங்க உள்ளவங்க திருவையாத்துக்குப் போவாங்க இல்லன்னா வெண்ணாறு, புதுஆத்துலயே கும்புட்டுக்குவாங்க. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, அதுக்குக் கீழ அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன், வெட்டாறுன்னு கிளை கிளையா ஓடி எல்லாத்துக்கும் தண்ணி குடுத்துட்டு, பூம்புகார் போறப்ப காவிரி ஒரு வாய்க்கா அளவுக்கு இளைச்சுப் போயிருக்கும். மேட்டூர்லேர்ந்து கல்லணைக்குத் தண்ணி வர மூணு நாள் போல ஆகும், அங்கேர்ந்து கடைமடை, அதாவது ஆத்துப் பாசனத்தோட கடைசி வயலுங்க, அங்க போய் சேர இன்னும் நாளாகும், அதனால மேல நாங்க பெருக்கு கொண்டாடறப்ப கீழ சில வாய்க்கால்ல தரை காஞ்சே கிடக்கறதும் உண்டு. அப்ப அவங்க அடிபம்புல ஒரு கொடம் புடிச்சு மஞ்சள் போட்டு அதையே காவேரியா வெச்சு கும்புடுவாங்க.

இந்த எடத்துலதான் நீங்க முக்கியமா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எல்லா வருஷமும் படம் பாக்கற மாதிரி நொங்கும் நுரையுமா ஆறு ஓடும்னு எதிர்பாத்து வராதீங்க. 1934-ல மேட்டூர் அணை வந்ததுலேர்ந்து எங்க பெருக்கு மேட்டூர் மதகு தொறக்கறதப் பொறுத்தது. அணை 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி), ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடறது வழக்கம். ஆனா 2012-லேர்ந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம் கூட ஜூன் 12 தொறக்கல. 2017-ல தொறந்ததே அக்டோபர்ல. அந்த மாதிரி வருஷத்துல அம்மாமண்டபத்துல ஆத்துக்குள்ள வெறும் மணலு, போர் தண்ணியில ஷவர் போட்டு விட்டாங்க, சனங்க அதுல குளிச்சிட்டு மணல்ல குழி தோண்டி அதுல ஊறற தண்ணியில பூவ விட்டுட்டு வந்தாங்க. பண்டிகைக்காக மட்டும் மேட்டூர்ல கொஞ்சம் தொறந்து விட்டதும் சில வருஷம் நடந்திருக்கு. சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில சொன்ன தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு கர்நாடகா வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. விடணும், அதுல ஜூன்ல 9.19, ஜூலையில 31.24, ஆகஸ்ட்ல 45.95னு மாசக் கணக்கு இருக்கு, எங்க ஊர் டீக்கடையில உக்காந்தா படிக்காத கிழவன் கூட இந்தக் கணக்க ஒப்பிப்பாரு. ஜூலைத் தண்ணி ஒழுங்கா வந்தாதான் பெருக்கு.

2020-ல ஜூன் 12 சரியா தொறந்தாங்க, தண்ணி இருந்துச்சு, ஆனா பதினெட்டு ஞாயித்துக்கிழமையில வந்துச்சு, கொரோனாவுக்கு ஞாயிறு முழு ஊரடங்கு, படித்துறை எல்லாம் பூட்டு, வீட்டு வாசல்ல கொடத்துல தண்ணி வெச்சு கும்புட்டோம். தண்ணி இல்லாம சனம் இருந்த வருஷமும் உண்டு, தண்ணி இருந்து சனம் இல்லாத வருஷமும் பாத்தாச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2024-ல ஜூலை கடைசி வரைக்கும் ஆறு காஞ்சு கிடந்துச்சு, 28-ஆம் தேதி மேட்டூர் தொறந்தாங்க, ரெண்டே நாள்ல அணை நெறைஞ்சு வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி வந்து, பதினெட்டு அன்னிக்கு ஆத்துல எறங்கவே விடல. அந்த அளவு தண்ணி வந்தா முக்கொம்புல கொள்ளிடத்துல திருப்பி விடுவாங்க, காவிரிக் கரை தாங்காது. முக்கொம்புல இருக்கறது 1836-ல ஆர்தர் காட்டன்ங்கற இங்கிலீஷ் இன்ஜினியர் கட்டின மேலணை. கொள்ளிடம் பள்ளமா இருந்ததால தண்ணி பூரா அந்தப் பக்கமே போயி, காவிரிப் பக்கம் மண்ணு மேடிட்டு தஞ்சாவூர் சீமை காயறதேன்னுதான் அதைக் கட்டினாங்க. அந்தப் பழைய கொள்ளிடக் கதவணையில 45 மதகு, அதுல 9 மதகு 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அடிச்சுட்டு போச்சு, பெருக்கு முடிஞ்சு மூணு வாரம் கூட ஆகல. இப்ப புதுசா கட்டியாச்சு.

கொள்ளிடத்துல விட்ட தண்ணி எங்க போகும்னு ஸ்ரீரங்கத்துல நின்னு பாக்கறவங்க யோசிக்கறதில்ல. அது அணைக்கரை தாண்டி, கடலுக்குப் போற வழியில, சீர்காழி பக்கம் ஆத்துக்கு நடுவுலயே இருக்கற திட்டு கிராமங்களுக்குள்ள போகும். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் எல்லாம் அப்படித்தான், அதுவும் தீவுதான், நம்ம தீவு மாதிரி பாலமும் கோபுரமும் இல்லாத தீவு. 2022 ஆகஸ்ட்ல வெள்ளம் வந்தப்ப ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு கரையில இருக்கற முகாமுக்கு வந்து கிடந்தாங்க, பூச்செடியும் காய்கறியும் வாழையும் தண்ணிக்குள்ள. நாங்க மேல மாலை விடற அதே தண்ணி. அந்த ஊர்ல சொந்தம் இருக்கறதால சொல்றேன், வெள்ளத்தன்னிக்கும் அவங்க ஆத்தைத் திட்டி நான் கேட்டதில்ல, முகாம் வாசல்ல ஓடற தண்ணிக்குக் கற்பூரம் காட்டி, போதும் தாயி எறங்கிக்கன்னு கும்புடுவாங்க. என்னைக் கேட்டா பதினெட்டாம் பெருக்கோட முழு அர்த்தமும் தெரியணும்னா அம்மாமண்டபத்துல செல்ஃபி எடுத்தா பத்தாது, தண்ணி பத்தாத கடைமடையும் தண்ணி மிஞ்சின திட்டும் ஒரு தடவையாச்சும் கண்ணால பாக்கணும்.

நீங்க எங்க போறதுன்னு கேட்டதுக்கு: அம்மாமண்டபம் ரொம்பக் கூட்டம், ஆனா முதல் தடவைக்கு அங்கயே போங்க, படிக்கட்டு நல்லா இருக்கும், போலீசும் தீயணைப்பு ஆளுங்களும் இருப்பாங்க, தண்ணிக்குள்ள தடுப்புக் கட்டி இருப்பாங்க. அதுக்குப் பக்கத்துலயே கருடமண்டபம், கீதாபுரம் படித்துறை இருக்கு, கொஞ்சம் காலியா இருக்கும். கொள்ளிடக் கரைக்கு எறங்கிக் குளிக்கலாம்னு யாராச்சும் கூப்ட்டா போகாதீங்க, மணல் எடுத்த குழி எங்க இருக்குன்னு மேலேர்ந்து தெரியாது, முட்டி அளவுன்னு நெனச்சு வெச்ச கால் ஆளையே முழுங்கும், வருஷா வருஷம் சின்னப் பசங்க போறாங்க. தடுப்பைத் தாண்டக் கூடாது, நீச்சல் தெரிஞ்சாலும்தான், புதுத்தண்ணிக்கு இழுப்பு அதிகம்.

ஆத்துல விடறது பூ, மஞ்சள், ஓலை, இலை, காப்பரிசி இதுங்க மட்டும் போதும். மாலையில பிளாஸ்டிக் ஜிகினா, தெர்மாகோல் உருண்டை, நைலான் நூல் இருந்தா வீட்லயே பிரிச்சு எடுத்துட்டு பூவ மட்டும் கொண்டாங்க, இப்ப வர்ற கல்யாண மாலையில பாதி அதுதான். கட்டின துணிய ஆத்துல விட்டா பாவம் போகும்னு யாரோ கெளப்பி விட்டு, படித்துறை பூரா பழந்துணி சுத்திக்கிட்டு கிடக்கு, கால்ல மாட்டி வயசானவங்க விழறாங்க. நம்ம வயல் மதகுலயும் அதுதான் வந்து அடைக்குது. கண்ணாடி வளையல் போடறவங்களும் கொஞ்சம் யோசிக்கணும், அடுத்த நாள் அங்க வெறுங்காலோட எறங்கறவங்க இருக்காங்க.

கெளம்பறப்ப ஒரு கூடையில பூஜை சாமான், ஒரு பையில மாத்துத்துணி, ஒரு சின்ன சொம்பு, தீப்பெட்டிய பாலித்தீன்ல சுத்தி (நனைஞ்சு போயி பக்கத்துல கேட்டு அலையறது எல்லா வீட்லயும் நடக்கும்), சாப்பாடு தனியா. நகை கம்மியா போட்டுக்கோங்க. காலையிலன்னா ஆறு மணிக்குள்ள கரைக்கு வந்துடுங்க. அன்னிக்கு அம்மாமண்டபம் ரோட்டுல கார் விடமாட்டாங்க, உங்க வீடு உத்தர வீதி சித்திர வீதி பக்கம்னா நடந்தே வந்துடலாம், அப்பா அம்மா திருச்சி ஜங்ஷன்ல எறங்கினா சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறச் சொல்லுங்க, அது சத்திரம் வழியா ஸ்ரீரங்கம் வரும், டிரைவர்கிட்ட அம்மாமண்டபம்னு சொன்னா ரோடு முக்குல எறக்கி விடுவாங்க.